கோர்ட்டு, சட்டசபை செய்தியில வர்ற இங்கிலீஷ் வார்த்தைகளை தமிழ் மீடியத்துல படிச்சவங்க எப்படி கத்துக்கறது?

இந்த கேள்வியை பார்த்துட்டு சும்மா தள்ளிட்டு போக முடியல. கேட்டவங்க குரூப் 2 எழுதறவங்களா இருக்கலாம், லா காலேஜ்ல முதல் வருஷமா இருக்கலாம், இல்ல வீட்டுக்கு ஏதாவது நோட்டீஸ் வந்து அதை கையில வெச்சுக்கிட்டு முழிச்சுட்டு இருக்கலாம். யாரா இருந்தாலும் சரி, "தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிங்க, தெரியாத வார்த்தைக்கு டிக்ஷனரி பாருங்க"ன்னு எல்லாரும் சொல்வாங்க, அதை மட்டும் நம்பி இறங்காதீங்க. நான் டிக்ஷனரி பார்த்து தான் எங்க தெருவையே ஏமாத்தினேன். வேணும்னு செய்யல, ஆனா ஏமாந்தவங்களுக்கு ரெண்டும் ஒன்னு தான்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. தம்பு செட்டி தெருவுல ஒரு ஜாப் டைப்பிங் சென்டர்ல 9 வருஷமா வேலை. எதிர்க்க இருக்கற ஹைகோர்ட்டுக்கு போற அஃபிடவிட், பெட்டிஷன், டைப்செட் (மனுவோட சேர்த்து கொடுக்கற ஆவணக் கட்டு) எல்லாம் அடிக்கறது தான் பொழப்பு. சட்டம் படிச்சவங்க தப்பு இருந்தா திருத்துங்க, சந்தோஷமா கேட்டுக்கறேன். "டைப்பிஸ்ட்டுக்கு இன்னா தெரியும்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.

எங்க வீடு வியாசர்பாடி, கால்வாய் ஓரம். தாத்தா காலத்துல இருந்து அங்க தான் இருக்கோம், ரேஷன் கார்டு இருக்கு, கரண்ட் பில் இருக்கு, பட்டா மட்டும் கிடையாது. பட்டா கேட்டு தெருவே சேர்ந்து மனு கொடுத்துது, பதிலே வரல, அப்புறம் வீட்டுக்கு இவ்ளோன்னு துட்டு போட்டு ஒரு வக்கீலை புடிச்சு ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டாங்க. நான் அப்ப தான் பிளஸ் டூ முடிச்சிருந்தேன், எங்க வரிசையில இங்கிலீஷை எழுத்துக்கூட்டி படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன் தான். ஆர்டர் காப்பி வந்துது, மொத்தமே ரெண்டரை பக்கம். வக்கீல் அதை கொடுத்துட்டு "நல்ல ஆர்டர்மா"ன்னு சொல்லிட்டு வேற கேஸுக்கு ஓடிட்டாரு, அவரு விளக்கி சொல்லல, நாங்களும் கேக்கல.

ராத்திரி அம்மன் கோயில் திண்ணையில டியூப் லைட்டுக்கு கீழ உக்காந்து படிச்சேன், சுத்தி முப்பது பேர் நிக்கறாங்க. கடைசி பாராவுல ரிட் பெட்டிஷன் "டிஸ்போஸ்டு ஆஃப்"னு இருந்துது. எங்க மனுவை "கன்சிடர்" பண்ணி 12 வாரத்துக்குள்ள ஆர்டர் போடணும்னு அதிகாரிக்கு உத்தரவு. டிக்ஷனரியில டிஸ்போஸ்னா தீர்த்து வை, கன்சிடர்னா கருது, மதி, கருத்தில் கொள். நான் பென்சில்ல ஓரத்துல எழுதினேன், அந்த காப்பி இன்னும் வீட்ல பீரோவுல இருக்கு: "வழக்கு தீர்ந்தது. கோரிக்கையை மதித்து 12 வாரத்தில் பட்டா கொடுக்க உத்தரவு." "பட்டா கொடுக்க"ங்கறது ஆர்டர்ல எங்கயுமே இல்ல. அது நான் சேர்த்தது.

பட்டாசு வெடிச்சாங்க, கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாங்க. எதிர் வீட்டு ஆயா, பட்டா தான் வரப்போவுதேன்னு தண்டல்காரன் கிட்ட கடன் வாங்கி ஷீட்டை பிரிச்சுட்டு தளம் போட்டுச்சு. 12 வாரம் முடியறதுக்கு முன்னாடியே கடுதாசி வந்துது. பரிசீலிச்சாச்சு, நிலம் நீர்நிலை புறம்போக்கு, அதனால கொடுக்க வழியில்ல, மனு நிராகரிப்பு. கோர்ட்டு சொன்னதை அவங்க ஒரு எழுத்து மீறல. கன்சிடர்னா பார்த்துட்டு முடிவு சொல்லுன்னு தான் அர்த்தம், கொடுன்னு இல்ல. டிஸ்போஸ்டு ஆஃப்னா அந்த கேஸ் ஃபைலை மூடியாச்சு, ஜெயிச்சோம்னும் இல்ல தோத்தோம்னும் இல்ல. ஆயா என்னை திட்டவே இல்ல. "இன்னா நைனா, படிச்சு பார்த்து தான சொன்ன?"ன்னு கேட்டுச்சு. அது இன்னிக்கு வரைக்கும் என் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் தான் டைப்பிங்ல லோயர், ஹையர் பரீட்சை முடிச்சு இந்த வேலைக்கே வந்தேன். சென்டருக்கு வர்ற ஒரு வயசான குமாஸ்தா தான் எனக்கு வாத்தியாரு. அவரு சொல்லிக் கொடுத்த முதல் பாடம், எந்த ஆர்டரா இருந்தாலும் கடைசி பாராவை முதல்ல படி, மேல இருக்கறதெல்லாம் கேஸோட கதை, ரெண்டு பக்க வாதம், கோர்ட்டு சொல்ற காரணம். ரெண்டாவது, வார்த்தைக்கு அர்த்தம் எழுதாத, "நாளைக்கு காலையில என்ன நடக்கும்"னு எழுது. அப்படி ஒரு நோட்டு போட்டேன், இப்ப மூணாவது நோட்டு ஓடுது. ஸ்டேன்னா நாளைக்கு காலையில புல்டோசர் வராது, ஆனா கேஸ் முடியல, ஸ்டேவை வெகேட் பண்ணிட்டா, அதாவது நீக்கிட்டா, மறுநாளே வரலாம். நோட்டீஸ் ஆர்டர்டுன்னா எதிர் தரப்பை பதில் சொல்ல சொல்லியிருக்காங்க, அவ்ளோ தான், நாளைக்கு ஒன்னும் மாறாது. செட் அசைடுன்னா தூக்கி ஓரமா வைக்கறது இல்ல, அந்த உத்தரவு செத்துப்போச்சு. கூடவே ரிமிட்டட்னு இருந்தா கீழ இருக்கறவங்க மறுபடி விசாரிக்கணும். டிஸ்மிஸ்டு ஆஸ் வித்ட்ரான், வித் லிபர்ட்டின்னு வந்தா மனுவை இவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க, திரும்ப போட வழி இருக்கு.

தமிழ் பேப்பர் படிச்சுட்டு இங்கிலீஷுக்கு போறவங்களுக்கு இன்னொரு சிக்கல், இதை யாரும் சொல்றதில்ல. நம்ம செய்தியில ஒரே வார்த்தை நாலு வேலை பார்க்குது. எஃப்ஐஆரை குவாஷ் பண்ணாலும், தீர்ப்பை செட் அசைடு பண்ணாலும், சட்டத்தையே ஸ்ட்ரைக் டவுன் பண்ணாலும், லைசென்ஸை கேன்சல் பண்ணாலும் தமிழ்ல "ரத்து". கேஸ் அட்ஜர்ன் ஆனாலும் ஒத்திவைப்பு, வாதமெல்லாம் முடிஞ்சு ஜட்ஜ்மென்ட் ரிசர்வ் ஆனாலும் "தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு". முதலாவதுல இன்னும் பேச வேண்டியது இருக்கு, ரெண்டாவதுல பேச்சு முடிஞ்சு தீர்ப்பு மட்டும் பாக்கி. எவ்ளோ பெரிய வித்தியாசம். அதனால ஒரே கேஸை எடுத்து, முதல் நாள்ல இருந்து கடைசி வரைக்கும் ரெண்டு பேப்பர்லயும் தொடர்ந்து படிங்க. பத்து கேஸ் வேணாம், ஒன்னு போதும். ஹைகோர்ட் சைட்ல ஆர்டரும் இலவசமா கிடைக்கும், அதோட கடைசி பாராவை பக்கத்துல வெச்சு பாருங்க, பேப்பர்காரங்க எதை விட்டாங்கன்னு தெரியும்.

தலைப்புல "ராப்ஸ்", "புல்ஸ் அப்", "ஸ்லாம்ஸ்"னு வந்தா நீதிபதி கண்டிச்சாரு. பல சமயம் அது விசாரணையில வாய்மொழியா சொன்னது, எழுத்துல வர்ற உத்தரவுல இருக்காது. அதை படிச்சுட்டு ஜெயிச்சுட்டோம்னு நினைக்கக் கூடாது. "நாட்" (nod)னா ஒப்புதல், "மல்ஸ்" (mulls)னா யோசிக்கறாங்க. சாங்ஷன் எதிரும் புதிருமான வார்த்தை, அரசு 5 கோடி சாங்ஷன்னா அனுமதி, ஒரு நாட்டு மேல சாங்ஷன்னா தடை. பில்லை டேபிள் பண்றதுன்னா இங்க சபையில தாக்கல் பண்றது, அமெரிக்காவுல தள்ளிப்போடறது.

அப்புறம் டீம்டு (deemed). 2025 ஏப்ரல் 8-ல சுப்ரீம் கோர்ட்டு நம்ம கவர்னர் கேஸ்ல தீர்ப்பு சொல்லுச்சு இல்ல, 10 மசோதாவுக்கு "டீம்டு அசென்ட்", ஒப்புதல் கொடுத்ததா கருதப்படும்னு. கையெழுத்தே இல்லாம சட்டமாச்சு. சென்டர்ல அந்த செய்தியை படிச்சப்போ எனக்கு கை நின்னு போச்சு. டீம்டுக்கும் தமிழ்ல "கருது", கன்சிடருக்கும் டிக்ஷனரியில "கருது". ஒரு கருதுல நடக்காததே நடந்ததா ஆகுது, இன்னொரு கருதுல எங்க தெருவுக்கு ஒன்னுமே இல்ல. அதே வருஷம் நவம்பர்ல ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு பதில் சொல்றப்போ 5 நீதிபதிகள் அமர்வு, இந்த டீம்டு அசென்ட் அரசியலமைப்புக்கு ஒத்து வராதுன்னு சொல்லிட்டாங்க. ஒரே வார்த்தை மேல எவ்ளோ பெரிய சண்டை பாருங்க.

"தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு ஏன் இங்கிலீஷ் கத்துக்கணும்"னு கேக்க வர்றவங்களுக்கு, நானும் உங்க பக்கம் தான். அரசியலமைப்பு 348-வது பிரிவு ஹைகோர்ட்டுக்கு இங்கிலீஷ்னு சொல்லுது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஹைகோர்ட்ல இந்திக்கு அனுமதி இருக்கு, தமிழுக்கு நம்ம சட்டசபை 2006-லயே தீர்மானம் போட்டும் கிடைக்கல. கிடைக்கற வரைக்கும் ஆயா கையில வர்ற காகிதம் இங்கிலீஷ்ல தான வருது, அதை யாராவது ஒருத்தர் சரியா படிக்கணும் இல்ல.

கேள்விக்கு சம்பந்தம் இல்ல, ஆனாலும் சொல்லணும். டைப்பிங் முடிச்சதும் ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். கொடுத்த லீகல் லெட்டரை தப்பில்லாம அடிச்சேன், அர்த்தமும் சொன்னேன், அந்தம்மா நல்லா தான் பேசிட்டு இருந்தாங்க. அட்ரஸ் பார்த்தாங்க. "வியாசர்பாடியா?"ன்னு கேட்டுட்டு பேப்பரை மூடி வெச்சுட்டாங்க. எங்க ஏரியாவுல கேரம்ல கலக்கறவங்க இருக்காங்க, ஃபுட்பால் ஆடறவங்க இருக்காங்க, வக்கீலுக்கு படிச்சவங்க இருக்காங்க, ஆனா வெளிய இருக்கறவங்களுக்கு கத்தி மட்டும் தான் கண்ணுக்கு தெரியுது. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல ஆயிரக்கணக்குல வாங்கிட்டு பூனை நாய் மழைன்னு இடியம் சொல்லித் தர்றாங்களே, அங்க போயிருந்தாலும் அந்த பேப்பர் மூடியிருக்கும்.

போன மாசம் அந்த ஆயாவோட பேரன் வாட்ஸ்அப்ல ஒரு ஆர்டர் போட்டோ அனுப்பினான், வேற விஷயம், அவன் வேலை சம்பந்தமானது. "அண்ணா, டைரக்டட் டு கன்சிடர்னு இருக்கு, இது அதே தான?"ன்னு கேட்டான். அவனே புடிச்சுட்டான். நாலு வாரம் டைம் கொடுத்திருக்காங்க, அதுக்குள்ள அதிகாரி கிட்ட போய் இருக்கற ஆதாரம் எல்லாத்தையும் எழுத்துல கொடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குன்னு சொன்னேன், வாங்கிட்டான்.

உங்களுக்கு ஏதாவது ஒரு வரி புரியலன்னா கமெண்ட்ல போடுங்க, பேரும் கேஸ் நம்பரும் எடுத்துட்டு போடுங்க. சென்டர் மூட ராத்திரி 9 ஆயிடும், அதுக்கப்புறம் பாக்கறேன்.