வேதாகமக் கேள்வி–பதில்: ஓய்வுநாளும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியும்

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது காலை டியூட்டி விழுந்துவிடுகிறது. ஆராதனைக்குப் போக முடிவதில்லை. எங்கள் சபை மூப்பர் ஒருவர் பலர் முன்னிலையில் என்னை "ஓய்வுநாளை மீறுகிறவள்" என்று சொல்லிவிட்டார். விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் ஏழாம் நாள் சபைத் தோழியோ, "ஞாயிறு ஓய்வுநாளே அல்ல, சனிதான்" என்கிறாள். இருவரில் யார் சொல்வதை நான் ஏற்பது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, தோழியிடமிருந்தே தொடங்குவோம், ஏனெனில் நாள் கணக்கில் அவர் சொல்வது சரி. "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்ற கட்டளை குறிப்பிடும் ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறைவது வரையிலான நாள்தான். தமிழில் கிழமைகளுக்குக் கோள்களின் பெயர்கள் வழங்குவதால் இது நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. போர்த்துக்கீசிய மொழியில் சனிக்கிழமைக்குப் பெயரே 'சாபதோ', அதாவது ஓய்வுநாள். ஞாயிறு 'தொமிங்கோ', கர்த்தருடைய நாள். இரண்டும் வெவ்வேறு நாட்கள் என்பதை அந்தப் பெயர்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஓய்வுநாள் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றப்பட்டது என்று எந்த அப்போஸ்தலரும் எழுதிவைக்கவில்லை என்பதையும் நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஞாயிறு எங்கிருந்து வந்தது? ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் வாரத்தின் முதல் நாள் என்பதால் விசுவாசிகள் அன்று கூடினார்கள். துரோவாவில் அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் 20:7 சொல்கிறது. ஏறத்தாழ கி.பி. 150-இல் ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், ஞாயிறுதோறும் நடந்த கூடுகையை, வேதவாசிப்பு, போதனை, ஜெபம், திருவிருந்து, ஏழைகளுக்கான காணிக்கை என்று விவரமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நூற்றாண்டுகளில் ஞாயிறு யாருக்கும் விடுமுறையாக இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, 112-ஆம் ஆண்டு வாக்கில் ரோமப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் பொழுது விடியும் முன்னே கூடிக் கிறிஸ்துவைப் பாடிவிட்டுக் கலைந்துபோவதாகவும், பிறகு உணவுக்காக மறுபடி கூடுவதாகவும் குறிப்பிடுகிறார். அவர்களில் பலர் அடிமைகள். விடிந்தால் எஜமானின் வீட்டில் வேலை காத்திருக்கும். ஞாயிறு அன்று நீதிமன்றங்களும் நகரத்துத் தொழில்களும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டது 321-ஆம் ஆண்டில்தான். அதிலும் உழவர்களுக்கு விலக்கு இருந்தது, விதைக்கும் பருவம் தவறிவிடக்கூடாது என்பதற்காக.

ஆக, ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்துக்கொண்டே ஆண்டவரை ஆராதித்த முதல் ஆள் நீங்கள் அல்லர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சபையே அப்படித்தான் வாழ்ந்தது.

ஞாயிறையே ஓய்வுநாளாகக் கொண்டு, வேலையும் விளையாட்டும் வியாபாரமும் அன்று கூடாது என்று வலியுறுத்தும் வழக்கத்தை மிக உறுதியாக வகுத்தவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். அந்தத் தேசங்களிலிருந்து வந்த மிஷனரிகள் வழியாக அதன் சாயல் நம் ஊர்களுக்கும் வந்தது. உங்கள் மூப்பர் பேசுவது அந்த மரபின் குரல். அது மதிக்கத்தக்க மரபுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் 100 மீட்டர் ஓட்டத்தையே விட்டுவிட்டு, வேறு நாளில் 400 மீட்டர் ஓடித் தங்கம் வென்ற ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் அதில் வளர்ந்தவர். ஆனால் அவர் அந்தக் கட்டுப்பாட்டைத் தனக்கு விதித்துக்கொண்டார். பலர் முன்னிலையில் இன்னொருவர் தலையில் அதைச் சுமத்துவது வேறு காரியம்.

சனியை ஆசரிப்பவர்களும் நேற்று முளைத்தவர்கள் அல்லர். எத்தியோப்பியத் திருச்சபை சனி, ஞாயிறு இரண்டையும் ஆசரிக்கிறது. நெடுநாள் நடந்த வாக்குவாதத்துக்குப் பின் 1450-இல் அந்நாட்டு மன்னர் சர்அ யாக்கோபின் காலத்தில் கூடிய திருச்சபைச் சங்கம் அதை உறுதி செய்தது. அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் மாவட்டத்திலேயே நாசரேத்துக்கு அருகில் பிரகாசபுரத்தில், மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய தனிச்சபை சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாகக் கைக்கொண்டது. அட்வென்டிஸ்ட் எனப்படும் ஏழாம் நாள் சபை மிஷனரிகள் அந்த வட்டாரத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முந்திய செய்தி இது.

எனவே தோழியோடு வழக்காட வேண்டாம். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயம் உடையவனாயிருக்கட்டும் என்று ரோமர் 14-இல் பவுல் சொல்வது இதற்காகவே. மூப்பருக்கு மத்தேயு 12-ஆம் அதிகாரம் போதும்: ஓய்வுநாளில் ஆசாரியர்கள் தேவாலயத்தில் வேலை செய்தும் குற்றமற்றிருக்கிறார்கள், குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவன் யாருமில்லை. ஞாயிறு காலை மாரடைப்போடு வரும் நோயாளிக்கு ஊசி போடும் கை எந்தக் கட்டளையையும் மீறவில்லை.

உங்களுக்கு என் கவலை வேறு. ஞாயிறு டியூட்டிக்கு ஈடாகக் கிடைக்கும் வாராந்தர ஓய்வை என்ன செய்கிறீர்கள்? கூடுதல் சம்பளத்துக்காக அன்றும் ஓவர்டைம் எழுதிக் கொடுத்துவிடுகிற பல நர்ஸ்களை நான் அறிவேன். எபிரெயத்தில் ஓய்வுநாளைக் குறிக்கும் சொல்லுக்கு 'நிறுத்துதல்' என்பதே அடிப்படைப் பொருள். செவ்வாயோ புதனோ, அந்த ஒரு நாளை நிறுத்துங்கள். ஆராதனைக்கு விடிகாலைக் கூடுகையோ மாலைக் கூடுகையோ எங்கே கிடைக்கிறதோ அங்கே போங்கள்.

கேள்வி: ஓய்வுநாளைக் குடும்பமாக ஒழுங்காக ஆசரிக்க வேண்டும் என்று நானும் பிள்ளைகளும் முடிவு செய்திருக்கிறோம். கடைக்குப் போகலாமா, டிவி பார்க்கலாமா, என்னென்ன செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் தருவீர்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பட்டியல் தரமாட்டேன். யூத ரபிமார் தடை செய்யப்பட்ட வேலைகளை 39 வகையாகப் பிரித்துவைத்தார்கள். அவர்களை மிஞ்ச நம்மால் முடியாது. ஆனால் "நானும் பிள்ளைகளும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே என் பேனா நின்றுவிட்டது. உங்கள் மனைவி எங்கே?

யாத்திராகமம் 20:10-ஐ எடுத்துப் பாருங்கள். நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று போகிற அந்த வரிசையில் மனைவி இல்லை. மனைவி மட்டும் வேலை செய்யட்டும் என்பதா பொருள்? 'நீ' என்ற சொல்லிலேயே கணவனும் மனைவியும் அடக்கம் என்பதே பொருள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஞாயிறு விடிய நான்கு மணிக்கு அவர் எழுந்து கறியைக் கழுவி வேகவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே ஆலயத்துக்கு ஓடி வந்து, பிரசங்கத்தில் கண்ணயர்ந்து, வீடு திரும்பியதும் நேராக அடுப்பங்கரைக்குள் போகிறார். சாப்பிட்டுவிட்டு நாம் பாயை விரிக்கிறோம். அங்கே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. என் பாட்டி சனிக்கிழமை மாலையே மசாலா அரைத்து அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். ஞாயிறு மதியம் எங்களுக்குப் பழைய குழம்பும் அப்பளமும்தான். சிறுவயதில் எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவை ஆறாம் நாளிலேயே இரண்டத்தனையாகச் சேர்த்து வேகவைத்துக்கொள்ளச் சொன்ன யாத்திராகமம் 16-ஐ அவர் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருக்கிறார் என்பது போதகனான பிறகுதான் புரிந்தது.

உபாகமம் 5-இல் இதே கட்டளை திரும்ப வரும்போது காரணம் மாறுகிறது. அங்கே படைப்பைப் பற்றிப் பேச்சில்லை. எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. நான் ஓய்ந்தேனா என்பதைவிட, என்னால் யார் ஓய முடியவில்லை என்பதே அங்கே எழும் கேள்வி. டிவியைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வருகிற சனிக்கிழமை மாலை காய்கறியை நறுக்கிவைப்பது நீங்களும் பிள்ளைகளுமாக இருக்கட்டும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு ஞாயிறு விடுப்புக் கொடுங்கள், அந்த நாளுக்கான சம்பளத்தைப் பிடிக்காமல்.