மே மாதப் பழவேற்காடு: மீன் கிடைக்கும், படகில் மட்டும் ஏறாதீர்கள்

ஆந்திர எல்லையில் உள்ள சூளூர்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மே மாத லீவில் நாத்தனார் குடும்பத்தோடு பழவேற்காடு போகிறோம். மாமனார், மூன்று பிள்ளைகள் உட்பட ஒன்பது பேர். கார், பூநாரை பார்க்கப் படகு சவாரி, மதியம் மீன் சாப்பாடு என்று ஒருவர் பேக்கேஜ் பேசி 3,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார். இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்களே, மீன் கிடைக்குமா? மாமனாருக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா?”

மீன் கிடைக்கும். வெயிலையும் சமாளிக்கலாம். நீங்கள் கேட்காமல் விட்ட படகுதான் எனக்குக் கவலை.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தடை போட்டவர்கள் அதோடு கையைக் கழுவிக்கொண்டார்கள். லைசென்ஸ், லைஃப் ஜாக்கெட், ஒரு படகுக்கு இத்தனை பேர்தான் என்று அப்போதே ஒழுங்கு செய்திருந்தால், “போலீஸ் இல்லாத கரையில் ஏத்திவிடறேன் சார்” என்று சொல்லும் புரோக்கர் முளைத்திருக்கவே மாட்டான். பழவேற்காடு ஏரி ஆழமில்லை, இடுப்பளவு தண்ணீர்தான் என்பார்கள். ஆனால் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், இழுப்பும் அதிகம். புரோக்கர் ஏற்றிவிடுவது வலையும் நாலைந்து ஆளும் போவதற்கான ஃபைபர் படகுகள். அதில் பதினைந்து பேரை ஏற்றி, எல்லோரும் போட்டோ எடுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? அனுமதி உண்டு என்று யார் சொன்னாலும், டிக்கெட் கவுன்டர், ரசீது, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இந்த மூன்றும் இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். “தெரிந்த ஆள்” என்பது லைசென்ஸ் ஆகாது.

இத்தனைக்கும் மே மாதத்தில் பூநாரை அதிகம் இருக்காது. அது குளிர்கால விருந்தாளி, மார்ச் தாண்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்து நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா கூடு கட்டுவதும் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். ஸ்ரீஹரிகோட்டா ரோட்டின் இரண்டு பக்கமும் கோடையில் ஏரி வற்றி உப்புப் பூத்துக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பறவை காட்டுகிறேன் என்று மே மாதத்தில் காசு வாங்குகிறவர் எதைக் காட்டப் போகிறார் என்று கேளுங்கள்.

மீன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏமாற்று இங்கேதான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்கத் தடைக்காலம். ஆனால் தமிழ்நாட்டில் இந்தத் தடை பெரிய எஞ்சின் வைத்த விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கடலுக்குப் போவார்கள், ஃபைபர் படகில் சின்ன மோட்டார் இருந்தாலும் போவார்கள். அதே மோட்டார் படகு உங்கள் ஆந்திரப் பக்கத்தில் தடைக்குள் வந்துவிடும், துடுப்பும் பாயும் மட்டும் உள்ளதற்குத்தான் விலக்கு. ஒரே கடல், ஒரே மீன், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். அதனால்தான் சூளூர்பேட்டையில் ஒருவர் “மீனே கிடையாது” என்பார், பழவேற்காட்டில் ஒருவர் “தாராளமா இருக்கு” என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஏரி மீனின் கணக்கு வேறு. இறால், நண்டு, மடவை எல்லாம் ஏரியிலேயே கிடைக்கும். கோடையில் அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பெரிய வஞ்சிரத்தைக் காட்டி “காலையில பிடிச்சது” என்றால் சந்தேகப்படுங்கள். இந்த மாதங்களில் கேரளாவிலிருந்து ஐஸில் வரும் மீனும், கோல்டு ஸ்டோரேஜ் மீனும் நிறைய. ஐஸ் மீன் கெட்டது என்று சொல்லவில்லை, அதற்கு இன்றைய மீன் விலை கொடுக்காதீர்கள். செவுள் சிவப்பாக இருக்கட்டும், விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்பி வரட்டும். நண்டு உயிரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். அதைக் கட்டிய ஊறிய தடிக் கயிற்றோடு தராசில் வைத்தால் கயிற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அப்புறம் அந்தக் கார். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. எல்லை தாண்டிப் போகும்போது சோதனையில் பிடித்தால் நடுரோட்டில் நிற்கப் போவது மாமனாரோடு நீங்கள்தான். இந்தக் காரே தேவையில்லை என்பேன். சூளூர்பேட்டையிலிருந்து சென்னை போகும் லோக்கல் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் போதும். பழவேற்காடு சென்னையை ஒட்டிய ஊர், நாலு நூற்றாண்டுக்கும் மேல் பழைய துறைமுகம், அங்கே இறங்குகிற பெண்களுக்கு உருப்படியான ஒரு கழிப்பறை கட்ட இவ்வளவு காலமா? பொன்னேரியிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள்.

வெயிலுக்கு வழி ஒன்றுதான், விடிகாலையில் கிளம்புவது. ஏழு மணிக்குக் கரையில் இருந்தால் படகு வந்து மீன் இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டையில் இப்போது புதர்தான் மிச்சம், அதை விட்டுவிடுங்கள். டச்சுக் கல்லறைத் தோட்டம் பார்க்க வேண்டியது, வாசல் தூணில் எலும்புக்கூட்டையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் மாமனாரை நிழலில் உட்கார வைத்துவிடுங்கள், மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரயிலைப் பிடியுங்கள். கடலில் கால் நனைக்கலாம், முகத்துவாரத்துப் பக்கம் குளிக்க மட்டும் வேண்டாம்.

3,000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். போனில் சண்டை போட வேண்டாம். “படகு சவாரிக்கு அரசு அனுமதி நகல் அனுப்புங்கள், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பணம் அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள். அனுமதி நகல் வராது, பெரும்பாலும் அந்த ஒரு மெசேஜிலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.