அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் மாணவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? வகுப்பைத் தவிர அங்கே வேறு ஏதாவது உண்டா?

கணவரின் வேலைக்காகக் கலிஃபோர்னியா வருகிறீர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுப் படிப்புள்ள அரசுக் கல்லூரி) சேர நினைக்கிறீர்கள், "அது வெறும் டியூஷன் சென்டர் மாதிரி" என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் அதே நிலையில்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 செப்டம்பரிலிருந்து 2018 ஜூன் வரை சிலிக்கான் வேலியின் குப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா கல்லூரியில் கணக்கியல் படித்தேன். ஈரோட்டில் பி.காம். முடித்தவள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் வந்து இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டு, பையனைப் பள்ளியில் விட்ட பிறகுதான் எனக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. சேரப்போகிறேன் என்றதும் ஊரிலிருந்து மாமியார் போனில், "ஏங்கண்ணு, பி.காம். முடிச்சவதானே நீ? மறுக்காவும் முதல்ல இருந்தா?" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கும் அப்போது சரியான பதில் தெரியாது.

முதல் நாள் வகுப்பு நிரம்பி வழிந்தது. என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. அப்படி இருப்பவர்கள் முதல் நாள் நேரில் போய் நிற்க வேண்டும். பதிவு செய்துவிட்டு வராதவர்களின் இடத்தைப் பேராசிரியர் எடுத்து, நிற்பவர்களுக்கு 'ஆட் கோட்' என்று ஒரு எண் தருவார். அதைப் போட்டால்தான் இணையத்தில் பதிவு முடியும். சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். என் ஒரு பக்கம் தலை நரைத்த ஓர் ஈரானியப் பெண்மணி, மறுபக்கம் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமும் எடுக்க வந்த 16 வயதுப் பெண். முப்பத்தொரு வயதில் கல்லூரி வாசலில் நிற்கிறோமே என்று காலையிலிருந்து எனக்கு இருந்த கூச்சம், அந்தச் சுவரோரம் நின்ற அரை மணி நேரத்தில் போய்விட்டது. வயது அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

செலவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலத்தில் வசிப்பவர் என்று கணக்கில் வந்தால் செமஸ்டர் முறைக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், டி ஆன்சா மாதிரி பன்னிரண்டு வாரப் பருவங்களாக நடக்கும் க்வார்ட்டர் முறையில் 31 டாலர். 2012இல் வைத்த கட்டணம். என் முதல் கணக்கியல் பாடம் ஐந்து யூனிட், ஆக 155 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள். எச்4 விசாவில் இருப்பவர்களும் ஒரு வருடம் இங்கே குடியிருந்ததைக் காட்டினால் இந்தக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். வாடகை ஒப்பந்தம், வங்கி அறிக்கை எல்லாவற்றையும் வந்த நாளிலிருந்தே உங்கள் பெயரும் வரும்படி வாங்கி வையுங்கள். எஃப்1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. என் பாடப்புத்தகம் கல்லூரிக் கட்டணத்தைவிட விலை அதிகம். நூலகத்தில் அதன் பிரதி ஒன்றை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கத் தருவார்கள். முதல் க்வார்ட்டரை அப்படியே ஓட்டினேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டி ஆன்சாவில் விடுதி கிடையாது. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் கிடையாது. வகுப்பு முடிந்த ஐந்தாவது நிமிடம் எல்லாரும் கார் நிறுத்துமிடத்துக்கு நடப்பார்கள். ஒருவருக்கு வேலை, ஒருவருக்குக் குழந்தை, இன்னொருவருக்கு வேறு ஊர்க் கல்லூரியில் அடுத்த வகுப்பு. அவர்களில் ஒருவராக நீங்களும் நடந்துவிட்டால், டியூஷன் சென்டர் என்று சொன்னவர் சொன்னது உங்கள் வரையில் சரிதான்.

எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையில் போகும் 23ஆம் எண் பேருந்துதான். மாணவர் அட்டை இருந்தால் அப்போது அதில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. வகுப்பு பதினொன்றரைக்கு முடியும், பையனைக் கூப்பிட இரண்டரைக்குப் போனால் போதும். வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டுத் திரும்ப ஓடுவதில் அர்த்தமில்லை. அதனால் டப்பாவில் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினேன். அந்த மூன்று மணி நேரம்தான் எனக்குக் கல்லூரி. வகுப்புகூட அப்புறம்தான்.

முதலில் தெரிந்துகொண்டது ஆபீஸ் அவர்ஸ். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் அறைக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுமானாலும் போகலாம். நான் படித்த காலத்தில் ஊரில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் பொருள். மூன்று வாரம் அந்தக் கதவைத் தாண்டித் தாண்டி நடந்தேன். நான்காவது வாரம் முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு உள்ளே போனேன். பன்னிரண்டு வார க்வார்ட்டரில் நான்காவது வாரமே தேர்வு வந்துவிடும், அந்த வேகம் எனக்குப் பிடிபடவில்லை. அவர் என் விடைத்தாளை மேசையில் விரித்து, "கணக்கு உனக்குத் தெரியும். கேள்வியை அவசரமாகப் படிக்கிறாய்" என்று இருபது நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படிக்க வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். கடைசி வரை எனக்கு 'புரொஃபசர்' தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அடுத்தது இலவச டியூட்டரிங் அறை. அந்தப் பாடத்தை முன்பே எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர்கள்தான் அங்கே சொல்லித்தருவார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனிடம் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் நோட்டை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த மேசையில்தான் எங்கள் நால்வர் கூட்டம் உருவானது. நெயில் சலூனில் வேலை பார்க்கும் வியட்நாமிய அக்கா, ராணுவத்திலிருந்து திரும்பிய ஓர் இளைஞன், சுவரோரம் என்னோடு நின்ற பள்ளி மாணவி, நான். முன்கூட்டியே கட்டிய செலவை மாதாமாதம் கணக்கில் எழுதுவது அந்த அக்காவுக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் ஜூன் மாதம் முழு வருட ஸ்கூல் ஃபீஸையும் கட்டிவிடுவோம், பிள்ளை பள்ளிக்குப் போகப் போகத்தான் அது மாதாமாதம் செலவாகிறது, அதுவரை அது நம் சொத்துதான் என்றேன். பட்டென்று பிடித்துக்கொண்டார். டியூட்டராகச் சேருகிறாயா என்று அந்த அறையை நடத்தியவர்கள் என்னைக் கேட்டார்கள். அது சம்பள வேலை, எச்4இல் வேலை அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. அன்று பேருந்தில் வரும்போது அழுதேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், தயாராக இருங்கள்.

கிளப்கள் நிறைய உண்டு. க்வார்ட்டர் தொடக்கத்தில் 'கிளப் டே' அன்று நடு மைதானத்தில் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். அதைவிட என்னை ஈர்த்தது மாணவர் அமைப்பு கையாண்ட பணம். அப்போது ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை கல்லூரியின் கார் நிறுத்துமிடம் முழுக்கச் சந்தை கூடும். பழைய பாத்திரம், இசைத்தட்டு, சைக்கிள், செடி என்று நூற்றுக்கணக்கான கடைகள், நம்மூர் வாரச்சந்தை மாதிரியே. நடத்தியது மாணவர் அமைப்பு, வருமானமும் மாணவர் நிகழ்ச்சிகளுக்கே. அந்தப் பணத்தை எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று இருபது வயதுப் பிள்ளைகள் கூட்டம் போட்டு வாதாடுவார்கள், யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். இரண்டு கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பட்ஜெட் என்ற சொல்லைப் பாடத்தில் படித்ததைவிட அங்கேதான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

நான் உண்மையில் ஈடுபட்டது வீட்டா என்ற இலவச வருமான வரி உதவித் திட்டத்தில். குறைந்த வருமானக்காரர்களுக்கு வரிக் கணக்கைத் தன்னார்வலர்கள் இலவசமாக நிரப்பிக் கொடுப்பார்கள். வருமான வரித் துறையே பயிற்சிப் பாடமும் தேர்வும் வைத்திருக்கிறது, 80 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. சம்பளம் இல்லை என்பதால் என் விசாவுக்கும் சிக்கல் இல்லை. கணக்கியல் மாணவர்கள் நாங்கள் சிலர் 2018 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சனிக்கிழமைகளில் போனோம். வீட்டில் அன்று சமையலும் பையனும் கணவர் பொறுப்பு.

துப்புரவுத் தொழிலாளர்கள், உணவகத்தில் வேலை செய்பவர்கள், தாத்தா பாட்டிகள் எல்லாரும் வருவார்கள். சம்பளச் சான்றான டபிள்யூ2 தாளைப் பாலிதீன் பையில் பத்திரமாகச் சுற்றி எடுத்து வருவார்கள். ஒரு நாள் எங்கள் கல்லூரி அடையாள அட்டை தொங்க ஒரு மாணவர் வந்து உட்கார்ந்தார். மூன்று இடத்தில் வேலை, மூன்று டபிள்யூ2. எல்லாம் நன்றாகத்தான் போனது. முகவரி என்ன என்று கேட்டபோது மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு நண்பர் வீட்டு முகவரியைச் சொல்லி, "கடிதம் அங்கே வந்தால் எனக்குக் கிடைக்கும்" என்றார். நான் மேலே கேட்கவில்லை. திரும்ப வர வேண்டிய தொகையைச் சொன்னதும், "இது போதும், டயர் மாற்றிவிடலாம்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். சிலர் நடப்பது வீட்டுக்கு அல்ல, காருக்குத்தான் என்பது அன்று உறைத்தது. 2019இல் கலிஃபோர்னியா சட்டமன்றத்தில், வீடில்லாத மாணவர்கள் இரவில் கம்யூனிட்டி காலேஜ் கார் நிறுத்துமிடத்தில் காரில் தூங்க அனுமதிக்க வேண்டும் என்று மசோதாவே வந்தது. சட்டமாகவில்லை. சிலிக்கான் வேலியின் வாடகையைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு மசோதா ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. கல்லூரியில் மாணவர்களுக்கு இலவச மளிகை தரும் இடம் ஒன்று உண்டு. அதன்பிறகு எங்கள் நால்வரில் யாராவது கடைக்குப் போனால் இரண்டு டின் பீன்ஸாவது வாங்கி அங்கே கொடுத்துவிடுவோம்.

இளம் மாணவர்களின் உலகம் வேறு. அவர்கள் பேச்செல்லாம் டிரான்ஸ்ஃபர்தான். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்வது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உள்ளிட்ட ஆறு வளாகங்கள் தகுந்த மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவும் அதில் இல்லை, ஆனால் அங்கேயும் நிறையப் பேர் போகிறார்கள். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்த்துவிட்டே பதிவு செய்வார்கள். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் சில காலம் டி ஆன்சாவில் படித்தவர் என்பது அவர்களுக்குப் பெரிய பெருமை. 1984 ஜனவரியில் முதல் மேக்கின்டாஷ் கணினி அறிமுகமானதும் அந்த வளாக அரங்கில்தான்.

குறைகளும் உண்டு. பன்னிரண்டு வாரத்தில் ஒரு நட்பு உருவாகும், அடுத்த க்வார்ட்டரில் நேரம் ஒத்துவராமல் கலைந்துவிடும். எங்கள் நால்வரும் சேர்ந்தே இருந்தது, ஒவ்வொரு முறையும் ஒன்றாக உட்கார்ந்து வகுப்பைத் தேர்ந்தெடுத்ததால்தான். இன்னொன்று, நான் செய்த தவறு: இரண்டாவது க்வார்ட்டரில் ஆசைப்பட்டு நான்கு பாடம் எடுத்தேன். பையனுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் எல்லாம் சரிந்து, ஒரு பாடத்தைப் பாதியில் விட்டேன். மதிப்பெண் பட்டியலில் அதற்கு, பாதியில் விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' எழுத்து நிரந்தரமாக இருக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டிருந்தால் அதுகூட வந்திருக்காது. முதல் முறை இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

கணவரின் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் எனக்கு வேலை அனுமதி வந்தது. இப்போது ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். நேர்காணலில் அவர்கள் அதிக நேரம் கேட்டது என் பட்டத்தைப் பற்றி அல்ல, அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி. மாமியார் போன வருடம் இங்கே வந்திருந்தபோது கல்லூரியைச் சுற்றிக் காட்டினேன். நூலகத்தில் தன் வயதுப் பெண்மணி ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இவிகளும் படிக்கறாங்களா கண்ணு?" என்று கேட்டார்.

நீங்கள் எந்த ஊருக்கு வந்தாலும் பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருக்கும். இப்போது பல பாடங்கள் இணையவழியில் நடக்கின்றன, ஒன்றையாவது நேரில் எடுங்கள். க்வார்ட்டர் முறைக் கல்லூரி என்றால் செப்டம்பர் கடைசியில் தொடங்கும். வகுப்பு நிரம்பிவிட்டது என்று இணையத்தில் காட்டினாலும் முதல் நாள் போய்ச் சுவரோரமாக நில்லுங்கள். மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.