ஆபீஸ் ஜன்னல்: ஹிஸ்டரியிலிருந்து சைக்காலஜிக்கு

கோர்ஸ், டிசி, அரியர் என்று எந்தச் சிக்கலானாலும் எழுதுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 31 வருஷம் இருந்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்ற அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

அண்ணாச்சிக்கு வணக்கம். பி.ஏ. வரலாறு முதல் வருஷம், இரண்டாவது செமஸ்டரில் இருக்கிறேன். ப்ளஸ் டூ முடித்ததும் சைக்காலஜிதான் கேட்டேன். தூரமாக அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொன்னதால் கிடைத்ததில் சேர்ந்தேன். இப்போது அப்பா மனசு மாறியிருக்கிறார். இரண்டாம் வருஷத்திலிருந்து வேறு பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. சைக்காலஜிக்கு டிரான்ஸ்பர் வாங்க முடியுமா? இங்கே எழுதிய பேப்பர்கள் அங்கே செல்லுமா? ஏபிசி ஐடி இருந்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்கிறாள் தோழி.
— ஒரு மாணவி, கல்லிடைக்குறிச்சி

தாயி, அப்பா மனசு மாறியதுதான் இதில் பெரிய காரியம். அது நடந்துவிட்டது. மிச்சமெல்லாம் காகித வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் ஆபீசில் டிரான்ஸ்பர் கேஸ் என்று ஃபைல் போட்டால், அது அதே மேஜருக்கு. பி.ஏ. வரலாறு படிக்கிற பிள்ளை, அப்பாவுக்கு வேலை மாற்றலாகி மதுரைக்குப் போனால், அங்கே இன்னொரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் பி.ஏ. வரலாறு. அதற்கே அங்கே சீட் காலி இருக்க வேண்டும், இரண்டு பிரின்சிபாலும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், பிறகு பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி 'காம்பினேஷன் ஆஃப் அட்டண்டன்ஸ்' ஆர்டர் வாங்க வேண்டும். இங்கே வந்த நாளையும் அங்கே வரப்போகிற நாளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கு வைக்க அனுமதி, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நீ கேட்பது மேஜரையே மாற்றுவது. முதல் வருஷம் கல்லூரி திறந்த சில வாரத்துக்குள், அதே கல்லூரியில் இடம் இருந்தால் செய்யலாம். ஒரு வருஷம் முடித்த பிறகு, வேறு பல்கலைக்கழகத்தில், நேராக இரண்டாம் வருஷ சைக்காலஜியில் போய் உட்கார்வது என் 31 வருஷத்தில் நான் பார்க்காதது.

ஏபிசி பற்றித் தோழி சொன்னதில் பாதி சரி. 2021ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கொண்டுவந்த கிரெடிட் வங்கி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) அது. டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். நீ பாஸ் செய்த பேப்பருக்கு உண்டான புள்ளிகள், அதுதான் கிரெடிட், அதில் வரவாகும், அதிகபட்சம் 7 வருஷம் இருக்கும். ஆனால் வங்கியில் பணம் இருப்பதும் கடைக்காரர் அதை வாங்கிக்கொள்வதும் வேறு வேறு. பட்டம் கொடுக்கிற இடத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும் என்பது விதி. மற்ற பாதியில் எதை ஏற்றுக்கொள்வது என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடக்குழுதான் முடிவு செய்யும். உன் தமிழும் ஆங்கிலமும் ஒருவேளை தேறும். தென்னிந்திய வரலாறு பேப்பரைக் காட்டி உடலியல் உளவியலுக்கு ஈடு கேட்டால் சிரிப்பார்கள்.

ஆக, உனக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி.

ஒன்று, வருகிற ஜூனில் புதிதாக முதல் வருஷம் சேர்வது. ஒரு வருஷம் போகும். உனக்கு 18 வயசுதான் ஆகியிருக்கும். வீட்டில் பணமும் சம்மதமும் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். பயப்பட வேண்டியது வருஷத்துக்கு இல்லை, டிசிக்கு. மேயில் விண்ணப்பம் போட்டு, அங்கே சீட் உறுதியாகி, அட்மிஷன் கடிதம் கையில் வந்த பிறகுதான் இங்கே டிசி கேட்க வேண்டும். முதலில் டிசியை வாங்கிவிட்டு, அங்கேயும் கிடைக்காமல், இங்கேயும் திரும்ப முடியாமல் என் ஜன்னல் முன்னால் அழுத பிள்ளைகளை எண்ணினால் ஒரு வகுப்பே தேறும். வேறு பல்கலைக்கழகம் என்றால் மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். அதையும் சேர்த்தே விண்ணப்பித்துவிடு.

இரண்டு, வரலாற்றை முடித்துவிட்டு எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. சைக்காலஜிக்குப் போவது. இதில்தான் திட்டம் வேண்டும். நீ போக நினைக்கிற நாலைந்து பல்கலைக்கழகங்களின் பிராஸ்பெக்டஸை இன்றைக்கே எடு. ஒவ்வொன்றிலும் தகுதி என்று ஒரே ஒரு வரி இருக்கும். சிலதில் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று போட்டிருப்பார்கள். சிலதில் 'உளவியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டம்' என்று இருக்கும். அந்த வரிதான் உன் மூன்று வருஷத்தை முடிவு செய்கிறது. மூன்றாம் வருஷக் கடைசியில் அதைப் படித்துப் பிரயோஜனம் இல்லை.

முதல் வகை வரி உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டு, இங்கே கிடைக்கிற சின்னச் சின்ன வாய்ப்புகளையெல்லாம் அதற்குத் திருப்பு. என்.எம்.இ. என்று வேறு துறை பேப்பர் எடுக்கச் சொல்வார்கள் இல்லையா, பெரும்பாலான பிள்ளைகள் சிநேகிதி எங்கே போகிறாளோ அங்கேதான் போவார்கள். உங்கள் கல்லூரியில் உளவியல் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் அதை எடு. இல்லையென்றால் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் தேடு. அதில் ஐஐடிகள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். பாடங்களில் சேர்வது இலவசம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க 1,000 ரூபாய். ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று வரும். மன்றாடியாவது ஒரு புள்ளியியல் பாடம் படித்துவிடு. சைக்காலஜி என்றால் மனசு, கனவு, பேச்சு என்று நினைத்துச் சேர்கிற பிள்ளைகளை முதல் செமஸ்டரிலேயே மடக்குவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு. இதில்லாமல் அந்தத் துறையில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக்கூட முழுசாக வாசிக்க முடியாது.

இன்னொரு காரியம் இருக்கிறது. இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மார்க் ஷீட்டில் பேப்பரின் பெயரும் கோடும்தான் இருக்கும், உள்ளே என்ன படித்தாய் என்று இருக்காது. ஈடு பார்க்கிறவர்கள் பார்ப்பது சிலபஸை. ஐந்து யூனிட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட், என்ன பாட நூல் என்று இருக்கிற அந்தப் பக்கத்தை ஒவ்வொரு பேப்பருக்கும் பிரதி எடுத்து, துறைத் தலைவரிடம் கையெழுத்தும் பிரின்சிபால் சீலும் வாங்கி, ஓரத்தில் துளை போட்டுப் பச்சை டேக்கில் கோத்து வைத்துக்கொள். சிலபஸ் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாறும். மாறிய பிறகு பழையதைத் தேடினால் பீரோ மேலே கரையான் அரித்த கட்டுதான் கிடைக்கும். ஒரு தடவை ஒரு பையனுக்கு நானே புது சிலபஸைப் பழையது என்று நினைத்து அட்டஸ்ட் பண்ணி அனுப்பிவிட்டேன். நாலு பேப்பர் கூடுதலாக எழுதினான். அவன் இப்போதும் என்னைக் கண்டால் நின்று பேசுவான், எனக்குத்தான் முகம் கொடுக்க முடியாது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மனோன்மணீயம் சுந்தரனார் என்று நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியர். அவர் காலத்தில் நம் நாட்டில் உளவியல் என்று தனி டிபார்ட்மெண்ட் கிடையாது, தத்துவத்துக்குள்ளேதான் அடக்கம். வரலாற்றிலிருந்து வருகிறோமே என்று கூசாதே.

அண்ணாச்சி, என் அக்கா மகன் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான். இரண்டு வருஷம் கழித்து அங்கேயே பெரிய யூனிவர்சிட்டியில் சைக்காலஜி டிகிரிக்கு மாறப் போகிறானாம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, நம்ம ஊர் மாதிரி டிசி வாங்கி மாறுவதா என்று கேட்கிறாள். எந்தெந்தப் பாடம் முதலில் எடுக்க வேண்டும்?
— சுரண்டையிலிருந்து ஒரு சித்தி

அக்காவிடம் சொல்லுங்கள், அங்கே மாறுவதுதான் முறையே. நம் ஊரில் விதிவிலக்கு, அங்கே ராஜபாட்டை. என் தம்பி மகள் அந்தப் பாதையில்தான் போனாள். அவள் ஃபைலை நான் வாட்ஸ்அப்பிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம்.

கணக்கு இதுதான். நாலு வருஷப் பட்டத்தில் முதல் இரண்டு வருஷத்தைக் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் முடிப்பார்கள். மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், யூனிட் என்றால் நம் ஊர் கிரெடிட் மாதிரி. போய்ச் சேர்கிற இடம் இரண்டு குடும்பம்: ஒன்று யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), மற்றொன்று கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி). எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம் எந்த யூனிவர்சிட்டியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் அவர்களே ஒப்பந்தமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன பச்சை டேக் வேலையை அங்கே ஊரே சேர்ந்து செய்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பையன் தன் காலேஜ், போக விரும்பும் கேம்பஸ், சைக்காலஜி மேஜர் மூன்றையும் அதில் போட்டுப் பார்க்கட்டும். பட்டியல் வரும். கேம்பஸுக்குக் கேம்பஸ் மாறும், அதனால் மூன்று நாலு கேம்பஸ் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக வருவது அறிமுக உளவியல், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆராய்ச்சி முறைகள், உயிரியல் சார்ந்த உளவியல். பொதுப் பாடங்களுக்கு 'கால்-கெட்சி' என்று தனிப் பட்டியல். 2025 இலையுதிர்ப் பருவத்திலிருந்து யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் அது ஒன்றுதான்.

இனி வரிசை. தம்பி மகள் இடறியது இங்கேதான். அவளுக்குக் கணக்கென்றால் ஆகாது, பாளையங்கோட்டையில் படித்த காலத்திலிருந்தே. ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் தள்ளிக்கொண்டே போனாள். சமூகவியல், ஓவிய வரலாறு, மனிதவியல் என்று பிடித்ததெல்லாம் முதலில் எடுத்தாள், மார்க்கும் வந்தது. நாலாவது செமஸ்டரில் ஆராய்ச்சி முறைகள் எடுக்கப் போனால் கம்ப்யூட்டர் விடவில்லை. அதற்கு முன்னாடி அறிமுக உளவியலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் முடித்திருக்க வேண்டுமாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் ஆராய்ச்சி முறைகளையும் ஒரே செமஸ்டரில் போடவும் முடியாது. அவள் காலேஜில் ஆராய்ச்சி முறைகள் வசந்தப் பருவத்தில் மட்டும்தான் நடத்துவார்கள். அவள் விரும்பிய கேம்பஸுக்கோ அந்தப் பாடம் இல்லாமல் ஆகாது. ஒரே ஒரு பாடத்துக்காக முழுசாக ஒரு வருஷம் காத்திருந்தாள். ராத்திரி போன் போட்டு, "பெரியப்பா, நீங்க சொன்னீங்கல்லா" என்றாள். உண்மையில் நான் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அதனால் உங்கள் அக்கா மகன் முதல் செமஸ்டரிலேயே அறிமுக உளவியலையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் எடுக்கட்டும். அதற்கு முன்னால் கணக்குப் பாடம் ஏதும் தேவை என்றால் கோடையில் முடிக்கட்டும். மேஜருக்கு வேண்டிய பாடத்தில் சி கிரேடுக்குக் கீழே வாங்கினால் எடுத்த மாதிரியே ஆகாது.

விண்ணப்பக் கெடுவையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷ இலையுதிர்ப் பருவத்துக்கு யூசி விண்ணப்பம் அக்டோபர் 1 முதல் நவம்பர் கடைசி வரை. அதற்கு முன்னால், செப்டம்பர் மாசம் மட்டும், 'டேக்' (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்று ஒன்று உண்டு. சொன்ன மார்க்கையும் பாடத்தையும் முடித்தால் சீட் நிச்சயம் என்று கேம்பஸ் எழுதித் தருவது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என்று ஆறு கேம்பஸ்தான், அதிலும் ஒன்றுக்குத்தான் போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தராது. யூசிக்கு விண்ணப்பிக்கவே அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு நாலுக்கு 2.4 ஜிபிஏ (கிரேடு சராசரி) வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு 2.8. அது வாசல்படி மட்டும், சைக்காலஜிக்குக் கூட்டம் அதிகம். கால் ஸ்டேட் போதும் என்றால் மாறுவதற்கென்றே சைக்காலஜியில் கம்யூனிட்டி காலேஜ் தருகிற இரண்டு வருஷ அசோசியேட் பட்டம் இருக்கிறது. அதை முடித்தால் அந்தக் குடும்பத்தில் எங்காவது இடம் உறுதி, கேட்ட கேம்பஸே கிடைக்கும் என்று இல்லை.

அக்கா இப்போதே ஊரெல்லாம் மகன் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. கலிஃபோர்னியாவில் அந்த லைசென்ஸுக்கு டாக்டர் பட்டமும் 3,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டும்.

என் மகள் திருநெல்வேலியில் வேலை பார்க்கிறாள். தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. சைக்காலஜி சேர்த்துவிடுகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று ஒரு சென்டரில் சொல்கிறார்கள். கட்டலாமா?
— ஒரு தகப்பனார், நாங்குநேரி

கட்டாதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் சைக்காலஜிக்குப் புது அட்மிஷன் போடக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. 2021ல் வந்த துணை மருத்துவப் படிப்புகளுக்கான சட்டத்தின் கீழ் இது வருவதால் நேரில்தான் படிக்க வேண்டும் என்பது காரணம். வேறு பாடம் தொலைதூரத்தில் சேர்ந்தாலும் முதலில் யுஜிசியின் தளத்தில் டெப் ஐடி, அதாவது தொலைதூரக் கல்விக்கான மாணவர் எண், எடுக்க வேண்டும். அதை மகளே எடுக்கலாம், சென்டர்காரர் தேவையில்லை. பணம் ஏற்கனவே கொடுத்திருந்தால் ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா, சென்டரின் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.