வாசகர் கேள்வி – பதில்: மூத்தவரோடும் பிள்ளைகளோடும் எலிஃபண்டா தீவுக்கு

கேள்வி: டிசம்பரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகக் குடும்பத்தோடு மும்பை செல்கிறோம். சனிக்கிழமை திருமணம். ஞாயிற்றுக்கிழமை கடைவீதிகளுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை பிற்பகலில் எலிஃபண்டா குகைகளைப் பார்த்து, மறுநாள் ரயிலேறலாம் என்றிருக்கிறோம். உடன் வரும் என் மாமியாருக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு. நாள்தோறும் சிவபூசை செய்பவர் என்பதால் இந்தக் குகைகளைப் பார்க்க மிகவும் ஆசைப்படுகிறார். பிள்ளைகளுக்கு வயது 8, 13. அவரால் மேலே ஏற முடியுமா? அரை நாள் போதுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைகளில் குகைகளுக்கு விடுமுறை என்பது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து, கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையிலிருந்தே திரும்பும் குடும்பங்கள் உண்டு. கடைவீதியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டு, ஞாயிறு காலை முதல் படகிலேயே புறப்படுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும் என்றாலும், முதல் படகில் செல்பவர்களுக்குக் குகை ஓரளவு அமைதியாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் படகு ஓடுவது நிச்சயமில்லை. டிசம்பரில் அந்தக் கவலை இல்லை.

கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாமியாரைக் கீழ்த்தளத்திலேயே அமர்த்துங்கள். மேல்தளத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. படகுகளை அடுத்தடுத்துக் கட்டியிருந்தால் ஒன்றைத் தாண்டி மற்றொன்றில் கால்வைக்க வேண்டியிருக்கும் என்பதால், அவருக்கு முன்னும் பின்னும் ஒருவர் நின்று கைகொடுப்பது நல்லது. 2024 டிசம்பர் 18 அன்று இதே வழியில் சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் வேகப் படகு மோதிப் பலர் உயிரிழந்தார்கள். ஆகவே படகில் ஏறியவுடன் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்கு நீங்களே அணிவித்து, இறங்கும்வரை கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் யாருக்காகவும் கூச்சப்பட வேண்டியதில்லை.

தீவில் இறங்கியதும் படகுத்துறையிலிருந்து மலையடிவாரம் வரை குட்டி ரயில் ஓடுகிறது. அதன்பின் சுமார் 120 படிகள் ஏற வேண்டும். இருபுறமும் கடைகள் இருப்பதால் நின்று நின்று ஏறலாம். ஆனாலும் முழங்கால் வலி உள்ளவர் அவ்வளவு படிகளையும் ஏறி இறங்கிவிட்டுக் குகைக்குள் களைப்போடு நிற்பதை நான் விரும்பமாட்டேன். சபரிமலையில் பார்ப்பதைப் போன்ற டோலி இங்கும் கிடைக்கிறது. ஏறவும் இறங்கவும் சேர்த்துக் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். குரங்குகள் அதிகம், தின்பண்டத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் கையில் பிடித்தபடி நடக்க வேண்டாம். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் கிடையாது.

தீவில் குகைகள் பல இருந்தாலும், முதல் குகை ஒன்றைப் பார்ப்பதற்கே உங்கள் நேரம் முழுவதையும் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாக ஆய்வாளர் பலரும் கருதும் இந்தக் கோயில், கல்லடுக்கிக் கட்டாமல், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறையைக் குடைந்தே எடுக்கப்பட்டது. வடக்கு வாயிலில் நுழைகையில் வலப்புறம் ஆடும் சிவனும் இடப்புறம் யோகத்தில் அமர்ந்த சிவனும் இருக்கிறார்கள். நேரே தென்சுவரில் ஏறக்குறைய 20 அடி உயரத்துக்கு மூன்று முகங்களோடு எழுந்து நிற்பதுதான் சதாசிவத் திருவுரு. மும்மூர்த்தி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆனால் மூன்றுமே சிவனுடைய முகங்கள். நமக்கு இடப்பக்கம் சினம் கொண்ட அகோரம், நடுவில் கண்மூடி அமைதியில் ஆழ்ந்த தத்புருடம், வலப்பக்கம் பெண்மையின் மென்மையோடு வாமதேவம். இந்தத் திருமுன்னில் மாமியாரைக் கால்மணி நேரமாவது அமரவிடுங்கள். மூன்று பக்கங்களிலிருந்தும் குகைக்குள் வெளிச்சம் வருவதால், கண் இருட்டுக்குப் பழகப் பழக அந்த முகங்கள் மெல்லத் தெளிவாவதைக் காண்பது பெரும் பேறு.

அதன் இடப்புறம் அம்மையப்பராகிய அர்த்தநாரீசுவரர், வலப்புறம் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன். திருக்கல்யாணமும், அந்தகாசுரனை அழித்த கோலமும், இராவணன் கயிலையை அசைத்த கதையும் மற்றச் சுவர்களில் உள்ளன. பதிகங்களில் இவற்றைக் கேட்டுப் பழகிய மாமியாரே பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு வரட்டும். அவரைவிடச் சிறந்த வழிகாட்டி உங்களுக்கு அங்கே கிடைக்கமாட்டார். கை கால் இழந்த உருவங்களைக் கண்டு அவர் மனம் வருந்தக்கூடும் என்பதால், பல சிற்பங்கள் சிதைந்திருப்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பயணிகள் இரவில் தங்க அனுமதி இல்லை; மாலையில் கடைசிப் படகு வரை காத்திராமல், மதிய உணவு முடிந்ததும் திரும்பிவிடுவது நல்லது. ஆக, படகு நேரத்தையும் சேர்த்தால் காலையிலிருந்து பிற்பகல் வரை ஒதுக்கியாக வேண்டும். பிற்பகலில் கிளம்பினால் படி ஏறியதும் இறங்க வேண்டியதாகிவிடும்.

கேள்வி: எலிஃபண்டா என்ற பெயருக்குக் காரணமான கல் யானை இப்போது எங்கே இருக்கிறது?
– வாசகர், மதுரை

பதில்: மும்பை நகருக்குள்ளேயே இருக்கிறது. தீவின் உள்ளூர்ப் பெயர் காராபுரி. அங்கே நின்ற பெரிய கல் யானையைக் கண்டு போர்த்துக்கீசியர் வைத்த பெயர்தான் எலிஃபண்டா. 1814-இல் யானையின் தலையும் கழுத்தும் விழுந்தன. 1864-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்று தூக்கியபோது கீழே விழுந்து நொறுங்கியது. பின்னர் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார்கள். பைகுல்லாவில் ஜீஜாமாதா தோட்டத்தை ஒட்டியுள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்தில் அதைக் காணலாம். தோட்டத்துக்குப் புதன்கிழமைதான் விடுமுறை. எனவே கோவை வாசகி கடைவீதிக்குப் போகும் திங்கட்கிழமையிலேயே பிள்ளைகளை அங்கும் அழைத்துச் செல்லலாம்.