ஐந்தே ஐந்து மசோதா

கேள்வி: எங்கள் கொலராடோவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஒரு கூட்டத்தொடருக்கு ஐந்து மசோதாதான் கொண்டுவரலாமாம். ஓட்டுப் போட்டு அனுப்பியவரின் கையை இப்படிக் கட்டலாமா?
- ஒரு வாசகி, டென்வர்

பதில்: எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் ஊர்ச் சட்டமன்றத்துக்குப் போனேன். 'கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மைல்' என்று செதுக்கிய படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, உள்ளே ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு மசோதா. பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் ஆதரித்தும் எதிர்த்தும் பேசி முடிக்க மத்தியானமாகிவிட்டது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் பிடிக்காத மசோதாவைக் குழுத் தலைவர் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். கூட்டத்தொடர் முடிந்ததும் அதுவும் செத்துவிடும். 1988-இல் மக்களே வாக்களித்து அந்த வேலைக்கு முடிவு கட்டினார்கள். குழுவுக்கு வந்த மசோதா எதுவானாலும் விசாரித்து வாக்கெடுக்க வேண்டும். சரி, இப்போது கணக்குப் பாருங்கள். கீழவையில் 65 பேர், செனட்டில் 35 பேர். ஆளுக்கு ஐந்து என்றாலே 500. கையில் இருப்பது 120 நாள். பட்ஜெட் மசோதாக்களும் கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் வேலை பார்க்கும் இடைக்காலக் குழுக்கள் தருபவையும் இந்தக் கணக்கில் சேராது. (நம்மூரில் மசோதா என்றால் பெரும்பாலும் அமைச்சர் கொண்டுவருவது, இந்தத் தலைவலி இல்லை.)

கலிஃபோர்னியா தாராளம். அங்கே 120 உறுப்பினர்கள். இரண்டு வருடத்துக்குக் கீழவையில் ஆளுக்கு 50, செனட்டில் 40 என்று இருந்ததை 2025-26-க்கு இரண்டு அவையிலும் 35 ஆகக் குறைத்தார்கள். அப்போதும் 4,200 வரை போகலாம்! பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, உள்ளே சரக்கில்லாத மசோதாவைக் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டு அப்புறம் நிரப்புகிற பழக்கமும் அங்கே உண்டு. 

ஐந்தில் எனக்கு ஒரு குறை. பழைய சட்டத்தில் ஒரு சின்ன ஓட்டையை அடைக்க, இருக்கிற ஐந்தில் ஒன்றை யார் செலவழிப்பார்கள்?

உங்கள் உறுப்பினரிடம் ஏதாவது கேட்பதாக இருந்தால் ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். டிசம்பர் 1-க்குப் பிறகு அவர் தன் ஐந்தில் இரண்டு மசோதாவைத்தான் எழுதித் தரச் சொல்லிக் கேட்க முடியும். தீபாவளி முடிந்த கையோடு போய்ப் பாருங்கள்.