ஜப்பானில் ஆள் பற்றாக்குறை உண்மைதான், ஆனால் ஏஜென்ட் சொல்வது?

கேள்வி: என் மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான். ஜப்பானில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்களாம். மொழி தெரியாமலே மூன்று மாதத்தில் அனுப்பிவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் 4 லட்சம் ரூபாய் கேட்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

பற்றாக்குறை பொய்யில்லை. அங்கே பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அதனால்தான் 2019 ஏப்ரலில் குறிப்பிட்ட திறன் பணியாளர்களுக்கென்று தனி விசாவே கொண்டுவந்தார்கள். 2024-இல், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 8,20,000 பேர் வரை எடுக்கலாம் என்று உச்சவரம்பையும் உயர்த்தினார்கள். ஆனால் அதற்காகத் தேர்வைக் கைவிடவில்லை. ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 என்ற அடிப்படை நிலை அல்லது அதற்கு இணையான தேர்வு, அப்புறம் அந்தந்தத் துறைக்கான திறன் தேர்வு, இரண்டிலும் தேற வேண்டும். மூன்று மாதத்தில் விமானம் ஏற்றுகிற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

"போன வருஷம் ஒருத்தர் பரீட்சை எழுதாமலே போனாரே" என்று ஏஜென்ட் சொல்வார். போயிருக்கலாம். ஜப்பானில் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்து ஒழுங்காக முடித்தவருக்கு, அதே துறை என்றால் இரண்டு தேர்வும் கிடையாது. துறை மாறினால் மொழித் தேர்வு மட்டும் விலக்கு, திறன் தேர்வு எழுதியே ஆகவேண்டும். ஜப்பானை எட்டிப் பார்க்காத உங்கள் மகனுக்கும் அந்தச் சலுகைக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது பணம். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் சேவைக் கட்டணமாக வாங்கலாம் என்று இந்திய விதி அனுமதிப்பது 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 4 லட்சம் எங்கே, இது எங்கே! விதி இருப்பது ஊரில் யாருக்குத் தெரிகிறது? போஸ்டர் ஒட்டுகிறவன் தெருத்தெருவாக வருகிறான், அரசாங்கமோ இணையதளத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஏஜென்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். "பெரிய கம்பெனிக்கு நான் சப்-ஏஜென்ட்" என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வலையும் உண்டு. மாணவர் விசாவில் மொழிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அதையே வேலை என்பார்கள். மாணவர் தனி அனுமதி வாங்கினாலும் பள்ளி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தில் கடனையும் கட்டி, பள்ளிக் கட்டணமும் கட்ட முடியாது.

பையனை முதலில் மொழி வகுப்பில் சேருங்கள். தேறிய பிறகு, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்து பாருங்கள். வேலை ஒப்பந்தம் கைக்கு வந்தால், அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.